ஐசிடி தவறாக ஷாக் கொடுத்தது: அணைத்தே வைத்துவிடலாமா?

கடிதத்தின் சுருக்கம்

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு 53 வயது, மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண மண்டபத்தில் திடீரென்று மயங்கி விழுந்தார். பக்கத்து மருத்துவமனையில் நெஞ்சில் ஷாக் கொடுத்துத்தான் உயிரை மீட்டார்கள். அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தும் இதயத்தின் பம்பிங் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதனால், ஆபத்தான துடிப்பு வந்தால் தானாகவே ஷாக் கொடுக்கும் ஐசிடி என்ற கருவியை இடது மார்பில் பொருத்தினார்கள். அப்புறம் எந்தத் தொந்தரவும் இல்லை. கருவியைப் பரிசோதிக்கப் போவது மெல்ல மெல்லக் குறைந்து, கடைசி இரண்டு ஆண்டுகள் போகவே இல்லை.

சில வாரங்களுக்கு முன் காலை எட்டு மணிக்கு வீட்டுக்குள் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி மெல்லிய சத்தம் கேட்டிருக்கிறது. சில விநாடிகளில் நின்றுவிட்டது. மறுநாளும் அதே எட்டு மணிக்கு. இன்வெர்ட்டரில் ஏதோ கோளாறு என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான்காம் நாள், கடை ஷட்டரைத் தூக்கும்போது மார்பில் ஓங்கி உதைத்ததுபோல ஒரு ஷாக். சுதாரிப்பதற்குள் இன்னொன்று. மொத்தம் ஆறு. ஒன்றில்கூட நினைவு தப்பவில்லை. அடுத்தது எப்போது வருமோ என்று கடை வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

மருத்துவமனையில் கம்ப்யூட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "இதயத்தில் ஒன்றும் வரவில்லை, லீட், அதாவது கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி, உடைந்திருக்கிறது, அதன் இம்பீடன்ஸ் (மின்தடை) 3000 ஓம்ஸைத் தாண்டிவிட்டது" என்று சொல்லி, ஷாக் கொடுக்கும் வசதியை அணைத்தார்கள். அட்மிட் ஆகி லீடை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். பல லட்சம் ஆகும் என்றதும் கணவர், "இனி அந்தச் சனியனே வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வாசகி கேட்கிறார்: "இப்போது ஷாக் வருவதில்லை, நன்றாகத்தான் இருக்கிறார். இப்படியே விட்டுவிடலாமா? ஷட்டர் தூக்கியதால்தான் கம்பி அறுந்ததா? அந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் விட்டது என் தப்பா? கம்பெனி மட்டமான பொருளை விற்று மறைத்துவிட்டது, முழுவதையும் பிடுங்கிவிட்டு வழக்குப் போடலாம் என்கிறார் கொழுந்தனார். யார் பேச்சைக் கேட்பது?"

மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதினேன்: அவரை இன்றே மருத்துவமனைக்குத் திரும்ப அழைத்துப் போங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. இந்நேரம் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போகவில்லையென்றால், மீதியைப் படிக்காமல் முதலில் கிளம்புங்கள். ஐசிடி வைத்த வேறு குடும்பங்களுக்கும் இதே குழப்பம் வரக்கூடும் என்பதால் காரணங்களை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

கடிதத்தில் என்னைப் பதறவைத்த வரி, "இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்" என்பது. ஏழு ஆண்டுகளுக்கு முன் அவரை மண்டபத்தில் விழவைத்த நோய் அப்படியேதான் இருக்கிறது. மாரடைப்பில் செத்துப்போன தசை தழும்பாகி இதயத்தில் நிற்கிறது. அந்தத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வட்டமடிக்க ஆரம்பித்தால் இதயம் நிமிடத்துக்கு 200, 250 என்று ஓடும். அப்புறம் துடிப்பே இல்லாமல் வெறுமனே நடுங்கும். ஸ்டென்ட் ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும், தழும்பை அழிக்காது. மாத்திரை அந்த வாய்ப்பைக் குறைக்கும், அடியோடு போக்காது. நடுக்கம் வந்துவிட்டால் ஷாக் ஒன்றுதான் மருந்து. நெஞ்சை அமுக்கும் முதலுதவியும் இல்லாமல், ஷாக்கும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. வேலை செய்கிற ஐசிடி அந்த ஷாக்கைச் சில விநாடிகளில் கொடுத்துவிடும். 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் அதற்கு ஈடாகாது.

மருத்துவமனையில் ஷாக்கை அணைத்தது சரியான முடிவு. அணைக்காமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை வந்திருக்குமோ தெரியாது. ஆனால் அப்படி அணைக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் மானிட்டரும், வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் இயந்திரமும், அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அட்மிட் ஆகச் சொன்னார்கள். பில் ஏற்றுவதற்காகச் சொல்கிறார்கள் என்று உங்கள் கணவருக்குத் தோன்றியிருக்கலாம். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நம் ஊர் அனுபவம் அப்படி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்தச் சந்தேகம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஆறு ஷாக் எப்படி வந்தது?

ஐசிடியில் இரண்டு பாகங்கள். தோலுக்கடியில் கைக்குத் தட்டுப்படும் டப்பாவில் பேட்டரி, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர், சின்னக் கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கின்றன. அதிலிருந்து கிளம்பும் லீட், காறை எலும்புக்குக் கீழே உள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாக இறங்கி இதயத்தின் வலது கீழறைக்குள் போய் ஊன்றியிருக்கும். பேனா ரீஃபில் தடிமன்தான். அதற்குள்ளேயே இதயத்தின் துடிப்பைக் கேட்டுச் சொல்லும் மெல்லிய கம்பியும் இருக்கிறது, 700 வோல்ட்டுக்கும் மேல் ஷாக்கைக் கொண்டுபோகும் கம்பியும் இருக்கிறது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஏழு ஆண்டில் 25 கோடி தடவை. ஒவ்வொரு துடிப்புக்கும் லீட் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. போதாததற்கு, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலுள்ள குறுகலில் கையை அசைக்கும்போதெல்லாம் நெரிபடவும் கூடும். ஐசிடியில் எங்கள் துறையினர் அதிகம் கவலைப்படும் பாகம் இந்த லீட்தான்.

உங்கள் கணவருக்குத் துடிப்பைக் கேட்டுச் சொல்லும் கம்பி உள்ளே முறிந்திருக்கிறது. முறிந்த முனைகள் ஒன்றோடொன்று உரசும்போது பொய்யான மின்சத்தம் எழும். கம்ப்யூட்டருக்கு அது நிமிடத்துக்கு நானூறுக்கு மேல் ஓடும் துடிப்பாகத் தெரிகிறது. உயிர் ஆபத்து என்று நினைத்து ஷாக் கொடுக்கிறது. கொடுத்தும் 'துடிப்பு' அடங்காததால் மறுபடி கொடுக்கிறது. பல கருவிகளில் ஒரே தொடரில் ஆறு ஷாக், சிலவற்றில் எட்டு என்று உச்ச வரம்பு வைத்திருப்பார்கள். ஆறோடு நின்றது அதனால் இருக்கலாம். கம்பியின் இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, சாதாரணமாகச் சில நூறு ஓம்ஸிலிருந்து ஆயிரம் வரை இருக்கும். அது 3000-ஐத் தாண்டியதையும், அவருக்கு நினைவு தப்பாததையும், கையைத் தூக்கும்போது வந்ததையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் மருத்துவர் சொன்னது சரி என்றே தோன்றுகிறது. கருவியில் பதிவான துடிப்பு வரைபடத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதுதான் உறுதியான சாட்சி.

ஷட்டர் தூக்கியதால் அறுந்ததா என்று கேட்டீர்கள். அன்று ஒரு தடவை தூக்கியதால் அறுந்துவிடவில்லை. அது பல மாதங்களாக நைந்துவந்திருக்கும். அன்று கையை உயர்த்தியபோது முறிந்த முனைகள் அசைந்தன, அவ்வளவுதான். ஏழு ஆண்டு தினமும் இடது கையால் இரும்பு ஷட்டரைத் தலைக்கு மேல் தள்ளியது லீடுக்கு நல்லதில்லை என்பதும் உண்மை. இனிமேல் அந்த வேலையைக் கடைப்பையன் செய்யட்டும். அதற்காகக் கையையே அசைக்காமல் தோளை இறுகவிடவும் கூடாது. புது லீட் வைத்த முதல் நான்கு முதல் ஆறு வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம். அதன்பின் சாதாரண வேலைகள் எல்லாம் செய்யலாம்.

இன்வெர்ட்டருக்கும் செல்போனுக்கும் இதில் பங்கில்லை. போனைச் சட்டையின் இடது பையில் வைக்காமல் இருந்தால் போதும். ஆனால் எர்த் சரியில்லாத மோட்டார், ஹீட்டர், வாஷிங் மெஷின் இவற்றில் கசியும் மின்சாரம், கைக்கு உறைக்காத அளவுக்கு இருந்தால்கூட, ஐசிடியை ஏமாற்றிவிடும். எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிட்டு வீட்டிலும் கடையிலும் எர்த் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த எட்டு மணிச் சத்தம்

அது இன்வெர்ட்டர் இல்லை, அவருடைய மார்பிலிருந்தே வந்த சத்தம். லீடின் மின்தடை மாறினாலோ பேட்டரி தீரும் நிலைக்கு வந்தாலோ தினமும் ஒரே நேரத்தில் ஒலி எழுப்பும்படி சில கருவிகளில் வைத்திருப்பார்கள். சில கம்பெனிக் கருவிகள் ஒலிக்குப் பதிலாக மார்புக்குள் அதிரும். கேட்ட அன்றே போயிருந்தால் ஆறு ஷாக்கையும் தவிர்த்திருக்க வாய்ப்பு உண்டு. இதை மறைத்துப் பேச விரும்பவில்லை. அதே சமயம், உடம்புக்குள்ளிருந்து சைரன் ஒலிக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லாதபோது அதை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பொருத்திய நாளில் ஒருமுறை ஒலிக்கவைத்துக் காட்டுவதும், வீட்டில் உள்ளவர்களையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வதும் எங்கள் வேலை. பல இடங்களில் அது நடப்பதில்லை. பரிசோதனைக்கு வராத நோயாளியைப் போனில் கூப்பிட்டு விசாரிக்கும் ஏற்பாடும் பல இடங்களில் இல்லை. ஆகவே இந்தப் பாரத்தை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம்.

கம்பெனி மறைத்ததா?

கொழுந்தனாரின் கோபத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. 2005 மார்ச்சில் அமெரிக்காவில் 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் சைக்கிள் பயணத்தின் நடுவே விழுந்து இறந்தார். அவருடைய மார்பில் கைடண்ட் கம்பெனியின் ஐசிடி இருந்தது. உள்ளே மின்காப்புப் பூச்சு சிதைந்து, ஷாக் கொடுக்க வேண்டிய தருணத்தில் கருவி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிட்டது. அந்தக் கோளாறு தெரிந்து 2002-லேயே கம்பெனி வடிவமைப்பைத் திருத்தியிருந்தது; ஆனால் பழைய கருவியைச் சுமந்தவர்களுக்கும் அவர்களுடைய மருத்துவர்களுக்கும் சொல்லவில்லை. மினியாபோலிஸைச் சேர்ந்த பாரி மாரோன், ராபர்ட் ஹவுசர் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் விடாமல் கேட்டதால்தான் விஷயம் 2005 மே மாதம் பத்திரிகைக்கு வந்தது. பிறகு கைடண்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டது; 29 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்டியது. இந்தத் துறையில் இருக்கும் யாரும் இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

லீடுகளுக்கும் அப்படிப்பட்ட கதைகள் உண்டு. மெட்ரானிக் கம்பெனியின் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற மெல்லிய லீட் வழக்கத்தைவிட அதிகமாக முறிவது தெரிந்து 2007 அக்டோபரில் விற்பனையை நிறுத்தினார்கள். அதற்குள் உலகம் முழுக்க சுமார் 2,68,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. அவர்களில் பலர் உங்கள் கணவர் அனுபவித்ததையே அனுபவித்தார்கள். செயின்ட் ஜூட் கம்பெனியின் ரியாட்டா லீடில் சிலிக்கோன் உறை உள்ளிருந்து தேய்ந்து, கம்பி வெளியே துருத்திக்கொண்டு வந்தது. 2011-இல் அதற்கு மிகத் தீவிரமான வகை ரீகால் (பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு) வெளியிடப்பட்டது. அதே கம்பெனியின் சில ஐசிடிகளில் பேட்டரிக்குள் லித்தியம் படிந்து, எச்சரிக்கை வந்த சில நாட்களிலேயே மின்சாரம் தீர்ந்துவிடும் கோளாறு 2016-இல் வெளிவந்தது. வழக்கமாக எச்சரிக்கைக்குப் பின் சுமார் மூன்று மாதம் அவகாசம் இருக்கும்.

ஆனால் கொழுந்தனார் ஒரு படி தாண்டிப் போகிறார். நல்ல லீடும் முறியும். ஒரு லீட் முறிந்தது என்பதால் மட்டும் கம்பெனி ஏமாற்றியது என்று ஆகிவிடாது. ஐசிடி அட்டையில் டப்பாவுக்கும் லீடுக்கும் தனித்தனியே மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும். அந்த எண்கள் எந்த எச்சரிக்கை அறிவிப்பிலாவது உண்டா என்று எழுத்தில் பதில் தரும்படி மருத்துவமனையைக் கேளுங்கள். அது கையில் வந்த பிறகு பேசினால் பேச்சுக்கு வலு இருக்கும்.

'பிடுங்கிவிடலாம்' என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரீகால் என்ற சொல்லைக் கேட்டதும் காரைத் திருப்பி அனுப்புவது போலக் கருவியை எடுத்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2006-இல் கனடாவின் 17 மருத்துவமனைகளின் கணக்கு வெளியானது. எச்சரிக்கைக்கு உள்ளான ஐசிடி வைத்திருந்த 2,915 பேரில் 533 பேர் கோளாறு வரும் முன்பே மாற்றிக்கொண்டார்கள். அந்த 533 பேரில் 43 பேருக்கு அறுவையால் சிக்கல். இரண்டு பேர் இறந்தார்கள். அதே காலத்தில் அத்தனை கருவிகளிலும் உண்மையில் கோளாறானவை மூன்று, அவற்றால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. நன்றாக வேலை செய்யும் கருவியைப் பயத்தில் மாற்றுவது, வைத்திருப்பதைவிட ஆபத்தாக முடியலாம். உங்கள் கணவரின் நிலைமை வேறு. அவருடைய லீட் முறிந்தே விட்டது. காத்திருந்து பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது.

உங்கள் முன் உள்ள வழிகள்

முதலில், புது லீட் போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடது கையில் மருந்து செலுத்தி எடுக்கும் வெனோகிராம் படத்தில், லீட் போகும் ரத்தக்குழாய் திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று தெரியும். பாதி முடிவை அந்தப் படமே எடுத்துக்கொடுத்துவிடும்.

பழையதை உள்ளேயே விட்டுப் புதியதைச் சேர்ப்பது: ரத்தக்குழாய் திறந்திருந்தால், முறிந்த லீடைக் கழற்றி முனையை மூடிவிட்டு, பக்கத்திலேயே புது லீட் போடலாம். டப்பாவோடு தொடர்பு இல்லாததால் பழையது இனி ஷாக்கைத் தூண்டாது. எளிதான அறுவை, பல ஊர்களில் செய்கிறார்கள். குறை என்னவென்றால், ரத்தக்குழாயில் நெரிசல் கூடும். பிற்காலத்தில் கிருமித் தொற்று வந்தால் இரண்டு லீடையும் எடுக்க வேண்டிவரும். எம்ஆர்ஐ எடுப்பதும் சிக்கலாகும்.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது: ஏழு ஆண்டில் லீடைச் சுற்றித் தழும்புத்திசு வளர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரோடும் இதயத்தோடும் ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் வராது. லேசர் அல்லது சுழலும் முனையுள்ள உறையை லீடின் மேல் செலுத்தி, ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ரத்தக்குழாயோ இதயமோ கிழிந்தால் உடனே நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால் இதய அறுவை மருத்துவரும் தயாராக இருக்க வேண்டும். கைதேர்ந்த மையங்களில் பெரிய சிக்கல் நூற்றில் ஒருவர் இருவருக்கு வருகிறது. எப்போதாவது ஒன்று செய்யும் இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. 'இங்கே வருடத்துக்கு எத்தனை லீட் எடுக்கிறீர்கள்?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

தோலுக்கடியிலேயே நிற்கும் ஐசிடி: இதில் லீட் இதயத்துக்குள் போவதில்லை, மார்பெலும்பை ஒட்டித் தோலுக்கடியில் இருக்கும். ரத்தக்குழாய் அடைத்தவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் ஓட்டம் பிடிக்கும் இதயத்தை, ஷாக் இல்லாமல் சின்ன மின்தூண்டலால் தணிக்கும் வசதி இதில் இல்லை. விலையும் அதிகம். தழும்புள்ள இதயத்துக்கு அந்தத் தணிக்கும் வசதி பயன்படும் என்பதால் உங்கள் கணவருக்கு இதை முதலில் சொல்ல மாட்டேன்.

என் கருத்தைக் கேட்டால், 53 வயதுக்காரர், இன்னும் பல ஆண்டு இந்தக் கருவியோடு வாழ வேண்டியவர். அனுபவமுள்ள மையம் எட்டும் தூரத்தில் கிடைத்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியது போடுவது பக்கம்தான் சாய்வேன். கிடைக்காவிட்டாலோ, தள்ளிப்போடவேண்டி வந்தாலோ, புதியதைச் சேர்ப்பதும் தப்பான வழி இல்லை. எந்த வழியானாலும் பேட்டரி எவ்வளவு மீதி என்று கேளுங்கள். ஏழு ஆண்டு ஓடிய டப்பாவில் ஒன்றிரண்டு ஆண்டுதான் பாக்கி என்றால் அதையும் இப்போதே மாற்றுவது நல்லது. அந்த இடத்தை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தொற்று அபாயம் ஏறுகிறது.

ஐசிடியே வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை உங்கள் கணவருக்கு இருக்கிறதா? இருக்கிறது. விளைவு புரிந்து, நிதானமாக, 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் அதை மதிப்பது எங்கள் கடமை. ஆனால் ஆறு ஷாக் வாங்கிய மறுநாள், பணக் கவலையோடு போட்ட கையெழுத்தை அப்படிப்பட்ட முடிவாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒருமுறை இதயம் நின்று மீண்டவர். இந்தக் கருவி மிகத் தேவைப்படுபவர்களில் ஒருவர்.

செலவும் உரிமையும்

லீடுக்கும் டப்பாவுக்கும் கம்பெனி உத்தரவாதம் உண்டு. காலமும் நிபந்தனையும் மாடலுக்கு மாடல் வேறுபடும். உத்தரவாதத்தின்படி கருவி இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைக்குமா என்று மருத்துவமனை மூலம் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக 'கிடைக்காது' என்றால் ஏற்காதீர்கள். நீங்கள் ஆசிரியை என்பதால் உங்கள் பணியோடு சேர்ந்த மருத்துவக் காப்பீட்டில் கணவருக்கும் இடம் இருக்கலாம். பள்ளி அலுவலகத்தில் இன்றே விசாரியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதி உண்டா, இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையில் உள்ள திட்டப் பிரிவில் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவையும் விட்டுவிடாதீர்கள்.

லீடை எடுத்தால் அதைக் குப்பையில் போட விடாதீர்கள். எடுத்த லீடைப் படம் எடுத்து, சீரியல் எண்ணோடு பதிவு செய்து, கம்பெனியின் ஆய்வுக்கு அனுப்பி, அந்த அறிக்கையின் பிரதியை உங்களுக்குத் தரும்படி அறுவைக்கு முன்பே கடிதம் கொடுங்கள். முறிந்தது எங்கே, ஏன் என்பதை அந்த அறிக்கைதான் சொல்லும். மருத்துவக் கருவிகளால் வரும் கேடுகளைப் பதிவு செய்ய மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற திட்டம் 2015 முதல் நம் நாட்டில் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்துகிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024. மருத்துவமனை அதற்கான படிவத்தை நிரப்பி அனுப்பியதா என்று கேளுங்கள். இதைச் செய்வதால் உங்களுக்குப் பணம் வராது. ஆனால் ஒரே மாடலில் பத்து இடத்தில் முறிவு வந்திருப்பது இப்படிப்பட்ட பதிவுகள் சேரும்போதுதான் கண்ணில் படும். கனடாவிலும் அமெரிக்காவிலும் எண்களோடு பேச முடிந்ததற்குக் காரணம் பதிவுகள் இருந்ததுதான்.

வழக்கைப் பொறுத்தவரை, நான் வழக்கறிஞர் அல்ல. அடிப்படையை மட்டும் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடுள்ள பொருளால் கேடு வந்தால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். எனவே அவசரம் இல்லை, சிகிச்சையை முடித்துவிட்டுப் போகலாம். ஆவணங்களைச் சேர்ப்பதில்தான் அவசரம் வேண்டும். அந்தப் பொறுப்பைக் கொழுந்தனாரிடமே கொடுங்கள், ஆர்வத்தோடு செய்வார்.

அவருடைய பயம்

நினைவோடு இருக்கும்போது ஷாக் வாங்குவது கொடுமையான அனுபவம். அடுத்தடுத்து ஆறு என்றால் தூக்கம் போகும், ஷட்டரைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும், தனியாக இருக்கவே பயமாக இருக்கும். இது கோழைத்தனம் அல்ல, சிகிச்சை தேவைப்படும் ஒரு பாதிப்பு. இதய மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் தயங்காதீர்கள். அந்த ஆறும் ஆறு மாரடைப்பு அல்ல என்பதை அவருக்குச் சொல்லுங்கள். புது லீட் போட்ட பிறகு கருவியைச் சீராக்கும் முறையும் இப்போது மாறியிருக்கிறது. வேகமான துடிப்பு கொஞ்ச நேரம் நீடித்தால் மட்டுமே ஷாக் என்று பொறுமையாக அமைத்தால், தேவையற்ற ஷாக் வெகுவாகக் குறைகிறது, இறப்பும் குறைகிறது என்று 2012-இல் வெளிவந்த மேடிட்-ரிட் என்ற பெரிய ஆய்வு காட்டியது. அவருடைய கருவி அப்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

புது லீட் வந்த பிறகு ஒரே ஒரு ஷாக் வந்து, அவர் நன்றாக இருந்தால், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டு வந்தாலோ, ஒன்று வந்து மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தாலோ உடனே அவசரப் பிரிவு. ஷாக் வரும்போது அவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு லேசான சுரீர் தெரியலாம், ஆபத்து இல்லை. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்த வேண்டாம்.

லீட் மாற்றும் வரை ஒரு வேளை அவர் நினைவிழந்து விழுந்தால், அவருடைய கருவி உதவிக்கு வராது என்பதை நினைவில் வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து மார்பின் நடுவில் இரு கையையும் வைத்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, வண்டி வரும்வரை நிறுத்தாமல் அமுக்குங்கள். மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில் செவிலியரிடம் இதை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள், மூத்த பிள்ளையையும் சேர்த்து.

உங்கள் ஊரிலிருந்து போகக்கூடிய தூரத்தில் லீட் எடுப்பதில் அனுபவமுள்ள மையங்களின் விவரத்தை மின்னஞ்சலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். போகும்போது ஐசிடி அட்டை, ஏழு ஆண்டுக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போதைய எக்கோ, கருவிப் பரிசோதனையின் அச்சுப்பிரதி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஸ்டென்டுக்காக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை, அறுவை வரப்போகிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எதை, எப்போது நிறுத்துவது என்று அங்கே சொல்வார்கள்.